ஏழு பாட்டன் விலை

பெர்மெத்துக்கு மெத்தை தைக்க வரும். விலை சொல்ல வராது.

வாசலில் ஆள் வந்து நின்று "என்ன விலைம்மா?" என்று கேட்டதுமே அவளுக்குக் காது மடல் சிவந்துவிடும். சொல்ல வேண்டிய தொகை நாக்கு நுனிவரை வந்து, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரத்துக்குள் வந்தவர் தன் பாட்டன்மாரின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

கிர்கிஸாகப் பிறந்தவனுக்கு ஏழு தலைமுறைப் பாட்டன்மாரின் பெயர் மனப்பாடமாக இருக்க வேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. ஏழு பேருக்குள் ஒரு பெயர் ஒத்துப்போனால் பெண் கொடுக்கக் கூடாது. எங்கள் ஊரில் அதையே கொஞ்சம் நீட்டி, ஒரு பெயர் ஒத்துப்போனால் காசும் கொடுக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். அறவே கொடுக்காமல் போவது மரியாதையில்லை என்பதால் ஏதோ கொஞ்சம் கொடுப்போம்.

"எங்க அஞ்சாவது பாட்டன் பேரு எசென்குல்" என்பார் வந்தவர்.

பெர்மெத்துக்குப் பொய்யும் வராது. "எங்களுக்கும் அஞ்சாவது அவருதாண்ணே."

"அட, அப்ப நீ என் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி! கூலிய விட்ரு. துணிக்கு மட்டும் வாங்கிக்க. பஞ்சு நம்ம மண்ணுல விளையறதுதானே?"

அவர் மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போன பிறகு உள்ளேயிருந்து அண்ணி குல்சுன் வருவாள்.

"இந்தத் தடவை எத்தனாவது பாட்டன்?"

"அஞ்சு."

"உங்க பாட்டனுங்க எல்லாம் பிள்ளை பெத்ததத் தவிர வேற ஒண்ணுமே பண்ணலயா? ஊரே பேரனுங்களா இருக்கு."

அண்ணிக்குச் சிரிக்கவும் தெரியும், பயப்படவும் தெரியும். அண்ணன் ரஷ்யாவில், நோவோசிபிர்ஸ்கில் கட்டட வேலை பார்த்தான். பணம் நினைத்தபோது அனுப்புவான். வீட்டை ஓட்டியது மெத்தைதான். இலையுதிர் காலத்தில் பருத்தி இறங்கும்போது ஒரு வண்டிப் பஞ்சு மலிவாக வாங்கிப் போட்டால்தான் குளிர்காலக் கல்யாணங்களுக்குத் தைக்க முடியும். அந்த ஆண்டு வண்டிப் பஞ்சுக்குப் பணம் சேரவில்லை என்றால் அண்ணி மாஸ்கோவுக்குப் போய் ஓட்டலில் தட்டுக் கழுவுவதாக முடிவாகியிருந்தது. அவளுக்கு நான்கு வயதில் ஒரு மகள். அம்மாவின் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவாள். பின்னலை விட்டுவிட்டு மாஸ்கோ போக முடியுமா என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை.

"விலை போடச் சொல்லித் தர்ற மையம் ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்களாம். சாயங்காலம்தான் வகுப்பு. போய்ப் படி" என்றாள் அண்ணி. "காசு வாங்கறது பாவமில்லன்னு கவர்மெண்டே சொன்னா நீ நம்புவ."

மாவட்டச் சிறுதொழில் விலையியல் மையம் பழைய பருத்திக் கிடங்கு ஒன்றில் இயங்கியது. படிப்பு இலவசம். அதற்காக இலவசப் பதிவுக் கட்டணம் என்று ஒன்று மட்டும் வாங்கினார்கள். ஒவ்வொரு மாலையும் எல்லாரும் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்து விலை உறுதிமொழி எடுக்க வேண்டும்: "செலவை அறிவேன், செலவுக்குக் குறைய விற்கேன்." அதன்பின் இயக்குநர் சத்திபால்தி பேசுவார். அவர் முன்பு கூட்டுப்பண்ணையில் இருந்தவர். அந்தப் பண்ணை எதையும் விலைக்கு விற்றதில்லை. அந்த அனுபவம் பற்றி அவருக்குப் பெருமை உண்டு.

"தோழர்களே, விலை என்பது என்ன?" என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்வார். "நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அறிவியலில் எக்ஸ் என்கிறோம். ஆக, நமக்கு விலை தெரியாது என்பதை அறிவியல்பூர்வமாக நாம் அறிந்துகொண்டோம். இது முதல் வெற்றி."

கைதட்டல்.

கணக்கை நடத்தியவர் அசிரெத் வாத்தியார். துணிக்கு து, பஞ்சுக்கு ப, நூலுக்கு நூ என்று கரும்பலகையில் எழுதுவார். எக்ஸ் சமம் து கூட்டல் ப கூட்டல் நூ. எதற்கு எந்த எழுத்து என்பதை அவராக முடிவு செய்துவிட முடியாது. எழுத்து ஒதுக்கீட்டுக் குழு என்று ஒன்று இருந்தது. நூலுக்குக் குறில் போதாது, நெடில்தான் வேண்டும் என்று அந்தக் குழு வாரக்கணக்கில் விவாதித்து அறிக்கை கொடுத்திருந்தது.

ஆட்டுக்கறியும் வெங்காயமும் திணித்த சம்சாவைத் தந்தூர் அடுப்பில் சுட்டு விற்கும் குபாத் என்பவன் பெர்மெத்துக்குப் பக்கத்தில் உட்காருவான். அவன் ஒரு நாள் எழுந்து, "வாத்தியாரய்யா, வெங்காயம் காலைல ஒரு விலை விக்குது, சாயங்காலம் ஒரு விலை விக்குது. அத எப்படிப் போடறது?" என்று கேட்டான்.

"வெங்காயம் மாறிலிப்பா."

"இல்லைங்க, மாறுதுங்க."

"பாடப் புத்தகம் அச்சாயிடுச்சு. அடுத்த பதிப்பு வர்றவரைக்கும் மாறாது."

"அப்ப புத்தகத்தக் காட்டி வெங்காயம் வாங்கிட்டு வரட்டா?"

வகுப்பு சிரித்தது. அன்றைய குறிப்பில் "மாணவர்களிடையே உற்சாகம்" என்று பதிவாயிற்று.

பெர்மெத் சிரிக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக்கொண்டாள். புரியாத இடம் வந்தால் பாடத்தில் கோளாறு என்று அவளுக்குத் தோன்றாது. தன் மண்டையில் கோளாறு என்று தோன்றும். ஒரே ஒரு முறை கையைத் தூக்கினாள்.

"ஐயா, தைக்கிற கூலிக்கு என்ன எழுத்துங்க?"

அசிரெத் வாத்தியார் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "கூலிக்கு எழுத்து ஒதுக்கலயே. நீ வீட்டுல உட்கார்ந்துதானே தைக்கிற?"

"ஆமாங்க."

"அப்ப அது வேலை இல்லம்மா. பழக்கம்."

கேட்டிருக்கவே கூடாது என்று அவளுக்கு உடம்பு கூசியது. உட்கார்ந்துவிட்டாள்.

ஆனாலும் அவளுக்கு எக்ஸைப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இல்லை. துணி அறுநூறு சோம், பஞ்சு எழுநூறு, நூல் ஐம்பது. எக்ஸ் ஆயிரத்து முந்நூற்றைம்பது. இதற்குக் கீழே போனால் நஷ்டம். தன் வாழ்க்கையில் முதல் முறையாக அந்தத் தொகையை அவள் யாரிடமும் கேட்கவில்லை. கணக்கு அவளிடம் சொன்னது. வீட்டுக்கு நடந்து போகும்போது யாருமில்லாத இடமாகப் பார்த்து, "ஆயிரத்து முந்நூற்றைம்பது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வாய்க்காலோரம் மேய்ந்த கழுதை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. பேரம் பேசவில்லை.

வகுப்பு முடிந்ததும் தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கி, தரையைப் பெருக்குகிறவள் மஸ்துரா. உஸ்கெனிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த உஸ்பெக்காரி. பலகையைத் துடைக்குமுன், "எழுதிட்டியா தங்கச்சி, அழிச்சிடட்டா?" என்று பெர்மெத்தைக் கேட்டுவிட்டுத்தான் துடைப்பாள். அந்தக் கட்டடத்தில் பெர்மெத்தின் அனுமதியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

தலைநகரிலிருந்து மேலிடக் குழு மையத்தைப் பார்வையிட வருகிறது என்று கோடை முடிவில் செய்தி வந்தது. குழு மரபுப்படி தரையில் அமர்ந்து ரொட்டி பிட்டுத் தேநீர் அருந்தும். அதற்கு இருபது மெத்தை வேண்டும். சத்திபால்தி பெர்மெத்தை அறைக்குக் கூப்பிட்டார்.

"உன் ஏழு பாட்டன சொல்லு பாக்கலாம்."

அவள் சொன்னாள். அவரும் சொன்னார். ஒன்றும் ஒத்துப்போகவில்லை. பெர்மெத்துக்கு மனத்துக்குள் ஒரு சிறிய, கெட்ட மகிழ்ச்சி.

"எட்டாவது?" என்றார் அவர்.

"எட்டாவது... சரிபாய்."

"எங்களுக்கும் சரிபாய்!" அவர் எழுந்து வந்து அவள் தலையைத் தொட்டார். "ஏழோட நிறுத்தறது சாதாரண ஜனங்க. அரசாங்கத்துக்குப் பெரிய மனசு வேணும். அப்ப நீ என் தங்கச்சி. வா, விலையக் கணக்குப் போட்டே முடிவு பண்ணுவோம். மையத்துல வேற எப்படி முடிவு பண்றது?"

வகுப்பின் முன்னால் அவளைக் கரும்பலகைக்கு அழைத்தார்கள். அவள் எக்ஸ் சமம் து கூட்டல் ப கூட்டல் நூ என்று எழுதினாள்.

"எக்ஸ் தெரியாததுன்னு நீங்க படிச்சீங்க" என்றார் சத்திபால்தி. "ஆனா இந்த இடத்துல எக்ஸ் தெரியும். மெத்தைக்கு ஆயிரத்து ஐம்பதுன்னு பட்ஜெட்ல வந்துடுச்சு. போடு, ஆயிரத்து ஐம்பது. துணி எவ்வளவு?"

"அறுநூறுங்க."

"நூல்?"

"ஐம்பது."

"ரெண்டையும் கழி. பஞ்சு எவ்வளவு வருது?"

பெர்மெத் கழித்தாள். கழித்தல் சரியாகத்தான் வந்தது. "நானூறு" என்றாள். பிறகு மிக மெதுவாக, "ஐயா, பஞ்சு எழுநூறுங்க" என்றாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

"எங்க எழுநூறு?"

"சந்தையிலங்க."

"இது சந்தையா?"

"இல்லைங்க."

"கணக்குல எங்கயாவது தப்பு இருக்கா? இருந்தா காட்டு."

அவள் பார்த்தாள். தப்பு எங்குமே இல்லை. வகுப்பு முழுக்க அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் பஞ்சு எழுநூறு ஆவது ஏதோ தன் வீட்டுக் குறைபாடு போலவும், அதைப் பொது இடத்தில் சொன்னது அதைவிடப் பெரிய குறைபாடு போலவும் அவளுக்குப் பட்டது.

"இல்லைங்க" என்றாள்.

குபாத் பின்னாலிருந்து, "என் சம்சாவுக்கும் இதே மாதிரி கழிச்சா ஆடு எனக்குக் காசு குடுக்கணும்" என்றான். உற்சாகம் பதிவாயிற்று.

அண்ணி அன்று சத்தம் போடவில்லை. அதுதான் தாங்கவில்லை. "ஒவ்வொண்ணுலயும் முந்நூறு போவுது. இருபதுக்கு ஆறாயிரம். வண்டிப் பஞ்சுக்கு வெச்சிருந்த காசு அதான்" என்றாள். பிறகு, "பாதிப் பஞ்சு திணிச்சிடு, யாரு பிரிச்சுப் பாக்கப் போறான்?" என்றாள்.

"உட்கார்ந்தா தரை குத்தும் அண்ணி. நம்ம பேரு போயிடும்."

"உன் பேரு நல்லா இருக்கட்டும். நான் மாஸ்கோவுல தட்டுக் கழுவறப்ப அதச் சொல்லிக்கறேன்." அலமாரி மேலிருந்த பயணப் பையை எடுத்துத் தூசி தட்டி வாசலோரம் வைத்தாள். குழந்தை ஓடிவந்து அதற்குள் உட்கார்ந்து விளையாடியது.

மெத்தைகள் இருபதும் முழுப் பஞ்சோடு போய்ச் சேர்ந்தன. மேலிடக் குழு வந்து அமர்ந்தது. சத்திபால்தி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பேசினார்.

"மேலிடத்துப் பெருமக்களே! உங்கள் கீழ் இருக்கும் மெத்தையைச் சற்றே அழுத்திப் பாருங்கள். சந்தையில் இது ஆயிரத்து எழுநூறு சோம். எங்கள் மாணவி இதை ஆயிரத்து ஐம்பதுக்குத் தந்தாள். படிக்காத பெண்ணாக இருந்திருந்தால் நம்மிடம் முழு விலை கேட்டிருப்பாள். இந்த வித்தியாசத்தின் பெயர்தான் கல்வி!"

குழு அழுத்திப் பார்த்தது. குழுத்தலைவி நெகிழ்ந்துபோய், அடுத்த ஆண்டு மாறிலிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். பிறகு எல்லாரும் எழுந்து நெஞ்சில் கைவைத்து, செலவுக்குக் குறைய விற்கேன் என்று உறுதிமொழி எடுத்தார்கள். முதல் வரிசையில் பெர்மெத்தை நிறுத்தினார்கள். அவள் வாயை மட்டும் அசைத்தாள். சான்றிதழ் தந்தார்கள். சான்றிதழ் பெற்றவர் இனி மையத்தின் முறைப்படியன்றி வேறு முறையில் விலை சொல்லக் கூடாது என்று அதில் அச்சிட்டிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு அவள் அசிரெத் வாத்தியாரிடம் போனாள். "ஐயா, ஆறாயிரம் போயிடுச்சுங்க. அத எப்படி எடுக்கறது?"

வாத்தியார் அன்பானவர். சாக்குக்கட்டி எடுத்து நிதானமாக விளக்கினார். "நஷ்டம் இந்தப் பக்கம் கழித்தலா நிக்குதில்ல? அத அந்தப் பக்கம் கொண்டு போ. கூட்டலாயிடும். அடுத்து வர்ற ஆளு எத்தனை மெத்தை கேக்கறானோ அதால வகு. செலவோட சேத்துடு. உன் பஞ்சுக் காசு திரும்பிடும்."

"அடுத்து வர்ற ஆளு என்ன தப்புங்க பண்ணான்?"

"கணக்குல தப்பு, சரிதான் உண்டு. பாவம், புண்ணியம் கிடையாது." சாக்குக்கட்டித் தூளை ஊதினார். "ஒண்ணு மட்டும் பாத்துக்க. ஏழு பாட்டனுக்குள்ள வர்றவங்க மேல போட்டுடாத. அது அநாகரிகம்."

ஒரு வாரம் கழித்து வந்த ஆள் மஸ்துரா. தலைத்துணியைப் புதிதாகக் கட்டியிருந்தாள். மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். சீருக்கு ஆறு மெத்தை வேண்டும்.

"பஜார்ல கிழிசல் துணியத் திணிச்சுத் தர்றான். மையத்துல இருக்கற உன் மெத்தைய நான்தான் தினம் வெயில்ல போட்டுத் தட்டறேன், கைக்குத் தெரியும்" என்றாள். "பணம் கொண்டாந்துட்டேன். சொல்லு தங்கச்சி, என்ன விலை?"

வாசலோரம் பயணப் பை இருந்தது. அதற்குள் அண்ணியின் கம்பளிக் காலுறைகள் வைத்தாகிவிட்டன. அண்ணி அடுப்படியில் பாத்திரம் துலக்குவதை நிறுத்தியிருந்தாள்.

மஸ்துரா பாட்டன்களைச் சொல்லவில்லை. அவர்கள் ஜனத்தில் அந்த வழக்கம் இல்லை. சொன்னாலும் எதுவும் ஒத்துப்போகாது. பெர்மெத் மனத்துக்குள் ஆறாயிரத்தை ஆறால் வகுத்தாள். ஆயிரம். செலவோடு சேர்த்தாள்.

"ரெண்டாயிரத்து முந்நூற்றைம்பது" என்றாள்.

நாக்கு தடுக்கவில்லை. காது மடல் சிவக்கவில்லை. இத்தனை நாள் எங்கேயோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த தொகை, எழுந்து நடந்து வெளியே வந்துவிட்டது.

மஸ்துரா சிரித்தாள். கிண்டல் என்று நினைத்துவிட்டாள். பெர்மெத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "ஆயிரத்து எழுநூறு இருக்கும்னு கொண்டாந்தேன்" என்றாள். "சரி, நாலு குடு."

பெர்மெத் ஒரு தாளில் போட்டுக் காட்டினாள். நாலுக்கு வகுத்தால் ஆயிரத்து ஐந்நூறு. "நாலுன்னா ஒண்ணு ரெண்டாயிரத்து எண்ணூற்றைம்பது ஆவுதுக்கா."

"கம்மியாத்தானே கேக்கறேன்?"

"கம்மியாக் கேட்டா கூடும்க்கா. கணக்கு அப்படி."

"ரெண்டு?"

"நாலாயிரத்து முந்நூற்றைம்பது."

"ஒண்ணே ஒண்ணு?"

பெர்மெத் சொன்னாள். மஸ்துரா அதைத் திரும்பச் சொல்லிப் பார்க்கவில்லை. தாளைக் கையில் வாங்கி அவள் தினமும் துடைக்கிற அதே எழுத்துகளைப் பார்த்தாள். து, ப, நூ. அவள் முகத்தில் கோபம் வரும் என்று பெர்மெத் காத்திருந்தாள். வந்திருந்தால் அந்தக் கணமே விலையை விட்டுக்கொடுத்திருப்பாள். ஒரு சொல், ஒரு முறைப்பு போதும். வந்தது வெட்கம்.

"எனக்குத்தான் கணக்கு வராது தங்கச்சி. தப்பா நினைச்சுக்காத" என்றாள் மஸ்துரா. "என்கிட்ட இருக்கற காசுக்கு எத்தனை வரும், நீயே பாத்துச் சொல்லு."

மூன்று வந்தது. ஒன்று மூவாயிரத்து முந்நூற்றைம்பது. மீதி நூற்றைம்பது சோம் வண்டிக்கூலிக்கு ஆயிற்று.

தைத்து அடுக்கியிருந்ததில் மூன்றை ஏற்றிக்கொண்டு வண்டி போனது. அண்ணி வெளியே வந்து பணத்தை எண்ணித் தலைத்துணி முனையில் முடிந்தாள். பயணப் பையிலிருந்து காலுறைகளை எடுத்தாள். வண்டிப் பஞ்சு வந்துவிடும், மாஸ்கோ இல்லை. அவள் பெர்மெத்தின் கன்னத்தைக் கிள்ளி, "கத்துக்கிட்டியேடி! மையம்னா மையம்தான்!" என்றாள். குழந்தை பின்னலைப் பிடித்து இழுத்தது. அண்ணி அழுதுகொண்டே சிரித்தாள்.

பெர்மெத் தாளை எடுத்துக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். எங்காவது தப்பு இருக்கும் என்று தேடினாள். எல்லாம் சரியாக இருந்தது.

கல்யாணத்துக்கு அவளை மஸ்துராவே வந்து அழைத்தாள். போகாமலிருக்க ஒரு காய்ச்சலாவது வரும் என்று பெர்மெத் பார்த்தாள், வரவில்லை. பெண்கள் கூடியிருந்த அறையில் வாசலுக்கு எதிரே, மரியாதை இடத்தில் அவளை உட்கார வைத்தார்கள். சுவரோரம் மணப்பெண்ணின் சீர்ப்பெட்டி. அதன் மேல் மெத்தைகள் ஆள் உயரத்துக்கு ஆறு அடுக்காகத் தெரிந்தன. மெத்தை தைத்தவளுக்கு அடுக்கு தெரியும். மூன்று மெத்தைகளில் ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, மடிப்பு சுவர்ப்பக்கம் போகும்படி அடுக்கியிருந்தார்கள்.

"யாரு தைச்சது? எவ்வளவு கெட்டியா இருக்கு பாரு!" என்றாள் பக்கத்திலிருந்த பருத்த அம்மாள்.

"இதோ, இவதான்" என்றாள் மஸ்துரா, புலாவுத் தட்டை நடுவில் வைத்தபடி. "மையத்துல படிச்ச பொண்ணு. தாள்ல எழுதிக் காட்டித்தான் காசு வாங்கும். ஒரு சோம் கூட ஏமாத்தாது."

"அப்படியா? எங்க வீட்டுலயும் ஒரு விசேஷம் வருது. எட்டு வேணும். ஒண்ணு என்ன விலைம்மா?"

ஆறாயிரம் திரும்பி வந்தாயிற்று. இனி நஷ்டம் இல்லை. வகுக்க ஒன்றும் இல்லை. ஆயிரத்து எழுநூறு என்று சொன்னால் போதும், கூலியும் கிடைக்கும். பெர்மெத் வாயைத் திறந்தாள். மஸ்துரா அவளையே பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். அறையில் எல்லாருக்கும் காது இருந்தது, கிட்டத்தட்ட இரட்டிப்பாகக் கொடுத்த மஸ்துராவுக்கும். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"அது வெட்கப்படும், நான் சொல்றேன்" என்றாள் மஸ்துரா. "மூவாயிரத்து முந்நூற்றைம்பது."

"யம்மாடி!"

"கணக்குப்படி அவ்வளவுதான் வரும். இல்லையா தங்கச்சி?"

"ஆமாக்கா" என்றாள் பெர்மெத்.

மஸ்துரா மனநிறைவோடு தட்டில் இருந்த நல்ல கறித்துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளி வைத்தாள். பெர்மெத் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தொண்டையில் சிக்கும் என்று நினைத்தாள். சிக்கவில்லை. நன்றாக வெந்திருந்தது.